மையம் நாலு மில்லி தள்ளி

மூக்கண்டப்பள்ளி பழைய மெஷின் கடையில்
மூன்று லேத்து காட்டினார் முக்தியார்.
முதலாவது நீளம், கட்டில் கால் கடையலாம்.
என் வீடு முதல் மாடி, வாடகை,
படிக்கட்டு என் தோளகலம்.
இரண்டாவதற்குப் புதுப் பச்சைப் பெயின்ட்.
புதுப் பெயின்ட்டைக் கண்டால் எனக்குப் பயம்,
அடியில் வெல்டிங் இருக்கும்.
மூன்றாவது
தையல் மெஷினை விடக் கொஞ்சம் பெரிசு.
அரை ஹெச்.பி., சிங்கிள் ஃபேஸ்,
முனைக்கு முனை பதினான்கு அங்குலம்.
தூண்டில் பிடிக்கு அது தாராளம்.
ரீலுக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒன்று,
எதுவும் ஒரு சாணைத் தாண்டாது.

பையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை
இரண்டு முனைகளுக்கும் நடுவே கவ்வக் கொடுத்தேன்.
சாயாமல் நின்றது.
"பிரஸ் ஷாப்பா?" என்றார்.
ஸ்கேலைப் பார்த்துக் கேட்டாரா,
பிடித்த கையைப் பார்த்தா, தெரியவில்லை.
வலக்கையில் கடைசி இரண்டு விரல் இல்லை.
ஐந்நூறு குறைத்துக்கொண்டார்.
நான் கேட்காத ஐந்நூறு.

மரம்தான் மாசக்கணக்கில் இழுத்தது.
மாங்காய் ஜில்லாவில் மாமரத்துக்கா பஞ்சம்?
லேசு, ஓசி;
ஈரம் பட்டால் கறுத்துப் பூசணம் பூக்கிறது.
புளி என் உளியைத் தின்றுவிட்டு
ஒன்றும் தெரியாதது போல் இருந்தது.
கருங்காலியெல்லாம் மாலையாகிக்
கழுத்து கழுத்தாய்ப் போய்விட்டது.
சந்தனம் என்று வாய் திறந்தால்
அஞ்செட்டியில் ஃபாரஸ்ட்காரருக்குத் தும்மல் வரும்.
கம்பெனியில் புது பிரஸ் வந்திறங்கிய
பெட்டிப் பலகை, பைன், சும்மா தருகிறேன் என்றார்கள்.
வேண்டாம் என்றேன்.

காவேரிப்பட்டணம் அறுவை மில்லில்
கணக்கெழுதும் நாகவேணி
விறகுக் குவியலைக் காலால் நெம்பி
ஒரு பூவரசுக் கட்டையை வெளியே எடுத்தாள்.
வெட்டுமுகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள்.
உள்ளே பீட்ரூட் சாறு காய்ந்த நிறம்.
"படகுக்குப் போடுற மரம்ணா இது."
விறகு விலைக்கே எடை போட்டாள்.

பச்சை மரம் கடைந்தால் பழிவாங்கும்.
இரண்டு முனைக்கும் மெழுகு பூசி
பரணில் போட்டேன்.
ஞாயிறு தோறும் கீழ்வீட்டு மளிகைத் தராசில்
எண்ணூற்றுப் பன்னிரண்டு.
எழுநூற்றுத் தொண்ணூறு.
எழுநூற்று எண்பத்தொன்று.
"பில் போடட்டுமா?" என்பார் சீனிவாசுலு, வாரம் தவறாமல்.
எழுநூற்று எழுபத்தொன்பது.
மறுவாரமும் எழுநூற்று எழுபத்தொன்பது.
அன்று சாயங்காலம் மோட்டாரைப் போட்டேன்.

முதல் பிடி பாட்டிலில் ஊற்றியது போல் உருண்டை.
மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.
அணையில் முதல் வீச்சிலேயே
உள்ளங்கையின் காலி இடத்தில் நழுவித்
தண்ணீரை நோக்கிப் போனது.
லேத்துக்கு வட்டம்தான் தெரியும்.
என் கை வட்டம் இல்லை.

இரண்டாவது துண்டுக்கு
இரு முனையிலும் பழைய புள்ளிக்குப் பக்கத்தில்
நாலு மில்லி தள்ளி
இன்னொரு புள்ளி குத்தினேன்.
மெஷின் அதிர்ந்தது, டமடமவென்று நடந்தது,
கீழ்வீட்டில் யாரோ கூரையை இடித்தார்கள்.
வேகத்தைப் பாதியாக்கினேன்.
உளி ஒரு பக்கம் மரத்தையும்
மறுபக்கம் காற்றையும் செதுக்கியது.
ஒரு மணி நேரத்தில்
இல்லாத விரல்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில்
மரம் ஒரு சின்ன வயிறு தள்ளி நின்றது.
துளை மட்டும் பழைய மையத்தில் போட்டேன்.
குச்சி நேராக நிற்க வேண்டுமே.

கே.ஆர்.பி. அணை, ஆறு மணி.
ஒரு ஜிலேபிக் கெண்டை, கையகலம்,
இழுத்த இழுப்பு மட்டும் பெரிசு.
பிடி அசையவில்லை.

பக்கத்துப் பாறையில் இருந்தவர் எழுந்து வந்தார்.
புது ராடு, புது ரீல், வெயிலே படாத தொப்பி.
பிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"என்ன இது, ஒரு பக்கம் உப்பலா?
ஆனா நல்லாருக்கு. எனக்கொண்ணு போட்டுத் தருவீங்களா?"

மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு
ஸ்கேலைச் சட்டையில் துடைத்தேன்.
கையைக் காட்டுங்க, என்றேன்.